கன்றுக்குப் பாலூட்டும் பொறி: ஒரு வரலாற்று நோக்கு

எகிப்து நாட்டிலே தெயிர் எல் பகாரி என்னுமிடத்திற் கண்டெடுக்கப்பட்ட கற்பேழையொன்று கெய்ரோ நூதனசாலையில் உள்ளது. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த காவிற்று என்னும் அரசகுலப் பெண்ணின் பேழை அது. அதன் புறத்தே செதுக்கப்பட்ட காட்சியொன்றிற் பசுவின் முன்காலோடு கன்று பிணிக்கப்பட்டிருக்கின்றது. ஒருவன் பால் கறக்கின்றான். பசுவின் கண்ணினின்றும் ஒரு துளி நீர் வழிகின்றது. சிற்பி எக்கருத்துடன் அத்துளியைச் செதுக்கினானாயினும், கன்றுக்குரியதைப் பிறர் கொள்ளும் நிலையை அவன் கூர்ந்து நோக்கியிருந்தான் என்பதில் ஐயமில்லை. சுரக்கும் பாலிற் கன்றின் பங்கு எவ்வளவு என்னும் வினா அன்று தொட்டே கறவைத் தொழிலோடு கூடி வந்துள்ளது.

கன்றை அருகே கட்டியமைக்குக் காரணம் இரக்கமன்று. கன்றின் வாய் படாவிடத்துப் பல பசுக்கள் பால் சுரவா. முதலிற் கன்றை ஊட்டவிட்டுப் பின்னர்க் கறக்கும் வழக்கம் நம் நாட்டுக் கிராமங்களிலும் இருந்து வருவதே. இதன் உடலியல் உண்மையை ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈலி, பீற்றர்சன் என்னும் இருவர் 1941 ஆம் ஆண்டில் விளக்கினர். மடி தீண்டப்பட்டவழி மூளையினடியிலுள்ள சுரப்பி ஒக்சிற்றோசின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கச் செய்ய, அது மடியிலுள்ள பாலை வெளித்தள்ளும் என்பதும், அச்சமுற்ற பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதும் அவர்கள் கண்டவை. பசுவை அச்சுறுத்துதற்கு அவர்கள் காகிதப் பைகளை ஊதி வெடிக்கச் செய்தனர் என்பது ஆராய்ச்சி வரலாற்றில் நகைப்பிற்குரிய ஒரு செய்தி.

வட ஐரோப்பாவிலோ, கன்றில்லாமலே பால் சுரக்கும் பசுக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். அதனாற் கன்றைப் பிறந்த சின்னாளிலே தாயினின்றும் பிரித்து வாளியிற் பாலூட்டுதல் இயல்வதாயிற்று. சுவீடன் தேசத்துக் குஸ்தாவ் டி லாவல் 1878 இல் பாலாடையைப் பிரிக்கும் சுழற்பொறியை அமைத்தார். டென்மார்க்கில் 1882 இல் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை எழுந்தது. வெண்ணெய் சந்தைக்குச் சென்றது. ஆடை நீங்கிய பால் பண்ணைக்கு மீண்டு பன்றிக்கும் கன்றுக்கும் உணவாயிற்று. கன்றுக்கு வாளியிற் குடிக்கத் தெரியாது. ஆதலின் வளர்ப்போர் தம் விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்து, அது சப்பும்போது தலையை மெல்ல மெல்லப் பாலுக்குட் தாழ்த்திப் பழக்கினர். இரண்டொரு நாளிற் கன்று விரலை மறந்து வாளியை அறிந்துகொள்ளும். ஆயினும் சப்பும் விருப்பம் அதனை விட்டு நீங்குவதில்லை. வாளி வெறுமையானபின் பக்கத்துக் கன்றின் காதையும் தொப்புளையும் சப்பும் பழக்கம் இதனாலேயே மிகுந்தது. அதனைத் தடுக்கக் கன்றுகளைத் தனித்தனிக் கூண்டில் அடைத்தனர்.

கடும்புப்பாலின் இன்றியமையாமை இக்காலத்தில் அறியப்பட்டமை இங்குக் குறிக்கத்தக்கது. தியோபல்டு சிமித்து, இலிற்றில் என்னும் ஆய்வாளர் கடும்பு ஊட்டப்படாத கன்றுகளிற் பெரும்பாலான இறத்தலையும், ஊட்டப்பட்டவை பிழைத்தலையும் 1922 இல் வெளியிட்டனர். அன்று தொடங்கி முதல் நாளின் பாலைக் கன்றுக்கே விடுதல் நெறியாயிற்று. அடுத்து வரும் நாட்களின் பாலைப் பற்றியே வழக்கு நீடித்தது.

அவ்வழக்கில் தீர்ப்புப் போல நின்ற விதியொன்று உண்டு. கன்றின் உடல் நிறையிற் பத்திலொரு பங்கு பால் ஒரு நாளுக்குப் போதும் என்பதே அது. 40 கிலோ நிறையுள்ள கன்றுக்கு 4 கிலோ. காலையிற் பாதி, மாலையிற் பாதி. தாயோடு திரியும் கன்று நாளொன்றிற் பலமுறை சிறிது சிறிதாக ஊட்டும். அது குடிப்பது இவ்வளவினும் மிகப் பெரிது. இருவேளை என்பது கன்றின் வயிற்றினின்றும் பிறந்த கணக்கன்று. வேலையாள் கொட்டிலுக்கு வரும் வேளையினின்றும் பிறந்தது. பத்திலொன்று என்பதிலும் பாலின் விலை கலந்திருந்தது.

இவ்விதிக்குப் பின்னர் அறிவியலும் துணையாக அழைக்கப்பட்டது. பிறந்த கன்றின் வயிற்றில் நான்காம் இரைப்பையே பெரிது. உண்ணப்பட்ட பால் ஒரு மடிப்புக் கால்வாய் வழியே நேராக அதனை அடைந்து உறையும். அசையிடுதற்குரிய முதலிரைப்பை அப்பொழுது சிறு பை போன்றது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உவோர்னர் முதலியோர் 1956 இல் வெளியிட்ட ஆய்வு, பாலை மட்டும் உண்ட கன்றின் முதலிரைப்பை வளராதிருத்தலையும், வைக்கோற் புல்லும் தானியமும் உண்ட கன்றில் அது வளர்ந்து உட்சுவரிற் சிறு காம்புகள் நிறைந்திருத்தலையும் காட்டியது. தீனி நொதிக்குங்கால் உண்டாகும் பியூற்றிரேற்று முதலான அமிலப் பொருள்களே அவ்வளர்ச்சியைத் தூண்டுவன என்பது 1959 இல் தெளிவாயிற்று. இதனைக் கொண்டு, பாலைக் குறைத்தால் கன்று விரைவில் தானியம் தின்னும், தின்றால் ஐந்து முதல் எட்டுக் கிழமைக்குட் பால் மறப்பிக்கலாம் என முடிபு செய்தனர். ஆய்வு கூறியது தானியம் இரைப்பையை வளர்க்கும் என்பதே. கன்று பசித்திருத்தல் வேண்டும் என அது கூறவில்லை. அப்பிற்பகுதியைச் சேர்த்தது பண்ணையின் வரவு செலவேடு.

பொறியின் வரவுக்குப் பால்மா வழி செய்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், ஆடை நீக்கிய பால்மாவொடு விலங்குக் கொழுப்பு முதலியவற்றைச் சேர்த்த கன்றுணவு விற்பனைக்கு வந்தது. மாவை வெந்நீரிற் கரைத்து வேண்டுந்தோறும் ஆக்கலாம் என்றவுடன், அதனைக் கரைக்கும் வேலையை யந்திரத்திடம் விடுதல் எளிதாயிற்று. எனினும் எக்கன்று எவ்வளவு குடித்தது என்பதை அறியாத யந்திரத்தால் வலிய கன்று மெலியதன் பங்கையும் குடித்துவிடும். இக்குறையை நீக்கியது 1970 ஆம் ஆண்டுகளிற் கறவைப் பசுக்களுக்கென ஆக்கப்பட்ட மின்னணு அடையாளக் கருவி. அது கன்றின் கழுத்துக்கும் பின்னர்க் காதுக்கும் வந்து சேர்ந்து, கணனியோடு இணைந்தபோது, பொறி கன்றைத் தனித்தனியே அறியலாயிற்று.

ஐரோப்பியச் சட்டமும் இதற்குத் துணை செய்தது. எட்டுக் கிழமைக்கு மேற்பட்ட கன்றைத் தனிக் கூண்டில் அடைத்தலாகாது என்னும் 1997 ஆம் ஆண்டின் விதி, புதிய கொட்டில்களுக்கு 1998 தை முதலும், எல்லாப் பண்ணைகளுக்கும் 2006 ஆம் ஆண்டு முடிவிலும் நடைமுறைக்கு வந்தது. கூட்டமாக வளர்த்தல் கட்டாயமாகவே, கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் அளந்தூட்டும் கருவி வேண்டப்பட்டது.

பொறி இயங்குமாறு வருமாறு. கன்று ஒடுங்கிய அடைப்பினுட் புகுந்து இரப்பர்க் காம்பை வாயிற் கொள்ளும். காதிலுள்ள வில்லையை வாங்கி படிக்க, அக்கன்றுக்கு அவ்வேளை பங்கு உண்டா என்பதைக் கணனி நோக்கும். உண்டெனின் மாவும் வெந்நீரும் கலந்து உடற்சூட்டளவில் ஒன்றரை அல்லது இரண்டு இலீற்றர் வரை குழாய் வழியே வரும். இல்லையெனிற் காம்பு வறிதே இருக்கும். குடித்த அளவும், குடித்த விரைவும், பங்கின்றி வந்து சென்ற வரவுகளும் பதிவாகும்.

இம்மூன்றாவது பதிவே வரலாற்றிற் பெரும் பயன் விளைத்தது. உழைப்பை மீதப்படுத்த வந்த பொறி, எவரும் கேளாத ஒன்றை எண்ணத் தொடங்கியது. டென்மார்க்கின் ஃபூலும் ஆராய்ச்சி நிலையத்தில் யென்சன் முதலியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்விற் குறைந்த பங்குடைய கன்றுகள் பாலின்றியே பொறியை நெடுநேரம் பற்றி நிற்றல் காணப்பட்டது. பத்திலொரு பங்கு போதும் என்ற நூற்கூற்றுக்கு எதிரே, கன்றுகளின் வீண் வரவுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கனடாவில் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தினர் 2002 இல், காம்பின் வழியாக வேண்டுமளவு பால் பெற்ற கன்றுகளை வாளியில் இருவேளை பத்திலொரு பங்கு பெற்றவற்றோடு ஒப்பிட்டனர். முன்னையவை 89 சதவீதம் மிகுதியான பாலைக் குடித்தன. பால் மறக்குமுன் 63 சதவீதம் மிகுதியாக நிறை கூடின. மிகுதியான பால் கழிச்சலை உண்டாக்கும் என்ற பழைய அச்சத்துக்கும் அவ்வாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பழைய நெறியினரின் கூற்றை முற்றும் பொய்யென்று தள்ளுதலும் ஆகாது. பால் நிரம்பக் குடித்த கன்று தானியத்தைக் குறைவாகவே தின்றது. திடீரெனப் பாலை நிறுத்தின் அது மெலியும். இங்கேயும் பொறியே வழி காட்டியது. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகப் பாலைக் குறைத்தல் வாளியோடு நிற்கும் வேலையாளுக்கு அரிது, கணனிக்கு எளிது. சுவிற்சலாந்தில் 2009 இல் வெளிவந்த ஆய்வொன்றில், தானியத்தையும் பொறியே அளந்தூட்ட, ஒரு கன்று தின்னும் தானியம் குறித்த அளவை எட்டியபோதுதான் அதன் பால் குறைக்கப்பட்டது. அந்நாட்டு வழக்கமான 12 கிழமை வரை காத்திருத்தல் அதனால் வேண்டாதாயிற்று. நாட்காட்டியைப் பார்த்துப் பால் மறப்பித்த தொழிலிற் கன்றின் வளர்ச்சியைப் பார்த்து மறப்பித்தல் அவ்வாறு புகுந்தது.

கூட்ட வாழ்வின் தீங்கைச் சுவீடன் ஆய்வாளர் உணர்த்தினர். பொறியோடு கூடிய பெருங்கூட்டக் கன்றுகளில் மூச்சுநோய் மிகுதியென அவர்கள் 2003 இற் கண்டனர். 12 முதல் 18 வரையான கூட்டத்தினும் 6 முதல் 9 வரையான கூட்டமே நலமுடையது என 2006 இற் காட்டினர். பொறியின் விலை பெரிதாதலின் அதிற் பல கன்றுகளைச் சேர்க்கவே பண்ணையார் விரும்புவர். ஒரே காம்பைப் பல வாய்கள் பற்றுவதால் அதனையும் குழாயையும் இடையறாது கழுவுதலும் வேண்டும்.

நோயை முன்னறிதற்குப் பொறியின் பதிவு உதவும் என்று தொடக்கத்திற் பலர் நம்பினர். சுவென்சனும் யென்சனும் 2007 இல் அதனைச் சோதித்தனர். அளவாகப் பால் பெறும் கன்று நோயுற்றபோதும் தன் பங்கை விடாது குடித்தது. பாலின் அளவைக் கொண்டு நோயை அறிய முடியவில்லை. நோயுற்ற கன்றிற் குறைந்தது, பங்கில்லாத வேளையில் வந்து வெறுங்காம்பைச் சப்பிச் செல்லும் வரவேயாம்.