கோலார் நிகழ்வுகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1970களிலும் 1980களிலும் பூமிக்கடியில் பதிவாகி, அறியப்பட்ட துகள்களால் இன்றுவரை முழுமையாக விளக்கப்படாத சில அரிய தடங்கள் ‘கோலார் நிகழ்வுகள்’ எனப்படும். ஒளியை உமிழாமல் ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பை உணர்த்துவதும், பேரண்டப் பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கெனக் கணிக்கப்படுவதுமான கரும்பொருளோடு இவற்றைத் தொடர்புபடுத்தும் கருத்து பின்னாளில் எழுந்தது.

வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக உழைத்த இச்சுரங்கத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் இணைந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965இல் கண்டறிந்தன. ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் பாறை மற்றக் காஸ்மிக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிட, எஞ்சிய மின்னூட்டத் துகள் கடக்கும்போது நியான் குழாய்கள் வரிசையாக ஒளிர்ந்து அதன் பாதையைக் காட்டின. எம். ஆர். கிருஷ்ணசாமி, எம். ஜி. கே. மேனன், வி. எஸ். நரசிம்மம் முதலியோர் 1975இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே புள்ளியிலிருந்து அகன்ற கோணத்தில் பிரியும் தடங்களை அறிவித்தது. அப்புள்ளி, நியூட்ரினோ மோதுவதற்குப் போதிய பொருளற்ற காற்றிடைவெளியிலோ மெல்லிய தகட்டிலோ அமைந்திருந்ததே வியப்புக்குரியது. பாறையில் தோன்றி வெளியேறிச் சிதையும் புதிய கனத்த துகள் ஒன்று இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. எனினும் துகள்முடுக்கிகளில் நடந்த தேடல்களில் அது அகப்படவில்லை. 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடிய கோலார்க் கருவியிலும் இத்தகைய தடங்கள் சில பதிவாயின.

2008இல் பமேலா விண்கருவி கண்ட பாசிட்ரான் மிகை உள்ளிட்ட வானியல் குறிகைகள் கரும்பொருள் துகள் மாதிரிகள் பலவற்றுக்கு வழிவகுத்தன. இப்பின்னணியில், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014இல் ‘பிரமாணா’ இதழில், 5 முதல் 10 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையும் பேரண்டத்தின் வயதை ஒத்த ஆயுளும் கொண்ட கரும்பொருள் துகளின் சிதைவே அத்தடங்களாகலாம் என முன்மொழிந்தனர். அவ்வாறாயின் சிதைவுக்கு நியூட்ரினோ தேவையில்லை. முடுக்கிகளில் தடயம் கிடைக்காததும் முரணாகாது. ஆயினும் விண்மீன் மண்டலத்தின் சராசரிக் கரும்பொருள் அடர்த்தியை மட்டும் கொண்டால் எதிர்பார்க்கத்தக்க சிதைவுகள் மிகமிகக் குறைவு; ஆகவே இது நிறுவப்பட்ட விளக்கமன்று.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் கருவியுடன் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் இக்கேள்வியை மீண்டும் சோதிக்க உதவும் எனக் கருதப்பட்டது. 2015இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த அத்திட்டம் உள்ளூர் எதிர்ப்பாலும் சூழல் வழக்குகளாலும் தடைப்பட்டது.