பீங்கானுக்குள் ஓர் அழுத்தம்: பேரியம் டைட்டனேட்டின் வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வானொலி, ரேடார் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு மைக்காவே முதன்மைப் பொருளாக விளங்கியது. அன்றைய பீகாரின் கோடர்மாவும் சென்னை மாகாணத்து நெல்லூரும் தந்த அக்கனிமம் போரின் தேவைக்குப் போதாமையால் மாற்றுப் பொருள் தேடப்பட்டது. அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் ஜப்பானிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானைக் கண்டடைந்தனர். மின்காப்பு மாறிலி, அதாவது வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்னூட்டம் தேங்கப் பொருள் இடந்தரும் என்பதைக் காட்டும் எண், மைக்காவுக்கு ஏறத்தாழ 6; புதிய பீங்கானுக்கோ 1,000-ஐத் தாண்டியது.

பொடியை அழுத்திச் சுடுகையில் ஒன்றோடொன்று இறுகிச் சேரும் எண்ணற்ற நுண்படிகங்களின் தொகுதியே இப்பீங்கான். அப்படிகம் ஒவ்வொன்றும் மணி எனப்படும். பருமணிப் பீங்கானில் 2,000-ஐ ஒட்டி நிற்கும் மாறிலி, மணிகள் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சிறுக்கும்போது 5,000 வரை உயர்கிறது. வேதிக் கலவை மாறாதிருக்க மின்தன்மை மட்டும் ஏன் மாறுகிறது என்ற புதிர் 1950களில் எழுந்தது.

விடைக்கு வழிகாட்டியது அழுத்த ஆய்வு. கியூரி வெப்பநிலை எனப்படும் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் இதன் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறு அணுத்தொகுதி, கனசதுரம். அதற்குக் கீழே குளிர்கையில் அது ஒரு திசையில் சுமார் 1 விழுக்காடு நீண்டு, தானாகவே மின்முனைவு கொள்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் கியூரி வெப்பநிலை இறங்கும் என 1950இல் மெர்ஸ் காட்டினார். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கில், அறை வெப்பநிலையிலேயே அந்த நீட்சி மறைந்து கனசதுர வடிவம் மீள்கிறது.

1966இல் பூஸெம், கிராஸ், கோஸ்வாமி ஆகியோர் இவ்வறிவை மணிக்குள்ளேயே பொருத்திப் பார்த்தது துணிச்சலான பாய்ச்சல். பருமணி, வெவ்வேறு திசை நோக்கிய மின்முனைவுக் கூறுகளாகப் பிரிந்து இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறது. சிறுமணி அவ்வாறு பிரியாததால், அண்டை மணிகளின் நெருக்குதல் உள்ளேயே தங்கி நீட்சியைத் தடுக்கிறது; கனசதுர வடிவத்தின் விளிம்பில் நிற்கும் மணி மின்புலத்துக்கு எளிதில் இசைவதால் மாறிலி உயர்கிறது என்றனர் அவர்கள்.

சிறுமணிகளிலும் கூறுகள் உண்டு என்பதை 1985இல் ஆர்ல்ட், ஹென்னிங்ஸ், டி வித் ஆகியோர் நிறுவி, மணி சிறுக்கச் சிறுக்கக் கூறுகள் மெலிந்து அவற்றிடையே உள்ள சுவர்கள் பெருகுவதே உயர்வுக்குக் காரணம் என்றனர். ஆயினும் கூறின் அகலத்தைத் தீர்மானிப்பதில் அதே உள்ளிறுக்கத்துக்குப் பங்கு உண்டாதலால், முந்தைய விளக்கம் திருத்தம் பெற்றதேயன்றி வீழ்ந்துவிடவில்லை. மணி அளவு 0.7 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் மாறிலி சரிவதையும் அவர்கள் பதிவுசெய்தனர். இன்றைய பல அடுக்கு மின்தேக்கிகளின் பீங்கான் படலம் ஒரு மைக்ரோமீட்டரினும் மெலிதாகி, மணிகள் அதனினும் சிறுத்தாக வேண்டியிருப்பதால், உற்பத்தியாளர்கள் அந்தச் சரிவுப் பகுதியிலேயே வேலை செய்ய வேண்டியுள்ளது.