தேயிலை ஸ்டோர் எழுந்த வரலாறு

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை மக்கள் 'ஸ்டோர்' என்றே வழங்குவர். சரக்கைச் சேர்த்துவைக்கும் கிடங்குக்குரிய இப்பெயர், இரவும் பகலும் யந்திரங்கள் ஓடும் கட்டடத்துக்கு எவ்வாறு வந்தது? அது கோப்பிக் காலத்தின் எச்சம். கோப்பித் தோட்டங்களில் பழத்தின் தோலை அகற்றி, கொட்டையைக் கழுவி, ஓரளவு உலர்த்தி, மேலோட்டுடனேயே கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். எஞ்சிய வேலையைக் கொழும்பு ஆலைகள் பார்த்துக்கொள்ளும். ஆகவே தோட்டத்துக்கு ஒரு கிடங்கே போதியதாயிருந்தது.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிற் கண்ட துருநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ பொறுத்திருக்கும் பண்டமன்று. கிள்ளிய கணத்திலிருந்தே கொழுந்து மாறத் தொடங்கும். கூடையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்து பாழாகும். அதனைப் பச்சையாகக் கொழும்புக்கு அனுப்புவது நடவாத காரியம். எனவே, பயிர் விளையும் மலைச்சரிவிலேயே தொழிலும் முற்றுப்பெற வேண்டியதாயிற்று.

இதற்கு வழிகாட்டியவர் ஸ்கொத்லாந்தில் 1835இற் பிறந்த ஜேம்ஸ் டெயிலர். கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல் பத்தொன்பது ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தைதான். மேசைகள்மீது கொழுந்தைப் பரப்பி, தொழிலாளர் தம் முன்கைகளால் அழுத்தி உருட்டினர். மண் அடுப்பிற் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் இட்டு வறுத்தனர். 1872இல் தனித் தொழிற்சாலை ஒன்றும் உருட்டும் யந்திரம் ஒன்றும் அமைந்தன. மறு ஆண்டில் லண்டனுக்குச் சென்ற சரக்கு இருபத்துமூன்று இறாத்தல்! கடை ஒன்றின் ஒருநாள் விற்பனைக்கும் போதாத அளவுதான்.

அதே காலத்தில் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டும் யந்திரங்களைத் திருத்தி அமைத்து வந்தார். சாமுவேல் டேவிட்சன் என்பவர் சூடான காற்றினால் தேயிலையை உலர்த்தும் யந்திரத்தை உருவாக்கி, பெல்பாஸ்ட் நகரில் 'சிறோக்கோ' என்ற பெயரில் அதனைச் செய்து விற்றார். இந்தக் கனமான யந்திரங்களை மலையேற்றியது புகையிரதம். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் இருப்புப்பாதை எட்டியது. பிரித்தானியாவில் வார்த்த இரும்புத் தூண்களும் உத்தரங்களும் நெளிதகடுகளும் அந்நிலையங்களில் இறங்கி, மாட்டுவண்டிகளில் தோட்டம் தோட்டமாகச் சென்றன.

இந்தக் கட்டடத்துக்கு ஏன் இத்தனை உயரம்? ஏன் வரிசை வரிசையாக இத்தனை ஜன்னல்கள்? இரண்டுக்கும் விடை வாட்டுதல் என்னும் ஒரே வேலையில் இருக்கிறது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதிற் பெரும்பகுதி மெல்ல மெல்ல வெளியேறி, கொழுந்து துவண்டாலன்றி உருட்டும்போது அது நொறுங்கிப்போகும். ஆகவே மேல்மாடிகள் முழுவதும் சாக்குத்துணித் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி, கொழுந்தை மெல்லிதாகப் பரப்பினர். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் அது அங்கே கிடக்கும். தை, மாசியின் வறண்ட காற்று வீசும்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டாற் போதும். ஆனால் டிக்கோயாவிலும் திம்புளவிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் வெளிக்காற்றே ஈரமாயிருக்கும். அப்போது ஜன்னல்களை மூடி, கீழேயுள்ள உலர்த்தும் யந்திரத்தின் வெப்பக் காற்றைப் பெரிய விசிறிகளால் மேல்மாடிகளுக்கு இழுப்பர். அந்த மாடிகள் யாவும் உண்மையில் காற்றை ஆளும் ஒரு பெரிய கருவியே.

கொழுந்து மூச்சுவிடுவதற்கு இத்தனை கணக்குப் பார்த்தவர்கள், அதனைக் கிள்ளியவர்களுக்கு அமைத்த லயங்களிற் காற்றைப் பற்றி எண்ணவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகள். குடும்பத்துக்கு ஓர் அறை. பலவற்றில் வாசலைத் தவிர வேறு திறப்பே இல்லை. இரண்டையும் கட்டுவித்தது ஒரே நிர்வாகம்.

வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும். அங்கே உருட்டி, சலித்து, குளிர்ந்த அறையிற் பரப்புவர். இதனைப் 'புளிக்கவைத்தல்' என்பது வழக்கம். உண்மையில் அது புளிப்பன்று, இலைச்சாறு பிராணவாயுவுடன் சேர்ந்து செம்பு நிறமாகும் மாற்றமே. அதன் பின்னர் உலர்த்தும் யந்திரத்தில் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுக்கு இறங்கும். ஏறத்தாழ நாலரை இறாத்தற் கொழுந்தே ஓர் இறாத்தல் தேயிலையாகும்.

யந்திரங்களை ஓட்ட ஓடைநீர் பயன்பட்டமையால், பல ஸ்டோர்களின் இடத்தை ஓடையே தீர்மானித்தது. நீர்ச்சக்கரமும் அதன்பின் நீர்ச்சுழலியும், வேறிடங்களில் நீராவி இயந்திரமும் எண்ணெய் இயந்திரமும் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றின. அதிலிருந்து தோல்வார்கள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் விசையைக் கொண்டுசென்றன. ஓடும் வாரில் வேட்டி நுனி சிக்கினாற் கைகால் போயிற்று. இந்த அச்சமே ஒரு தெய்வத்தையும் பிறப்பித்தது. 'ரோதை' என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். சக்கரம் என்று பொருள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் தம் முனியாண்டியோடு ரோதைமுனியையும் வைத்துக் கும்பிட்டனர். யந்திரத்தின் வரைபடத்தை மேனாட்டார் வரைந்தனர். அதற்குக் காவல் தேடியவர்கள் அதன் அருகே நின்று வேலைசெய்தவர்களே.

1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மின்சாரம் தோட்டங்களுக்குப் பரவ, நீண்ட தண்டும் வார்களும் படிப்படியாக மறைந்தன. வாட்டும் முறையும் மாறியது. அடியிலிருந்து விசிறி காற்றூதும் நீண்ட தொட்டிகளில் கொழுந்தைத் தடிப்பாகவே பரப்பலாம் என்றானபோது, அடுக்கடுக்கான தட்டுகளுக்கு வேலையில்லை. மாடிகள் வெறுமையாயின. தோட்டங்கள் இணைக்கப்பட்டபோது சில ஸ்டோர்கள் முற்றாகவே மூடப்பட்டன.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இற் கட்டிய தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று பயணிகள் உறங்குகிறார்கள். பழைய விசிறிகளும் அங்கேயே இருக்கின்றன.