மூன்று நம்பர் லாட்டரி: கொங்கு மலையோரத்தில் ஓர் எண் பந்தயத்தின் வரலாறு

மூன்று நம்பர் லாட்டரி என்பது அரசு அச்சடித்த பரிசுச் சீட்டு அன்று. வேறொருவர் நடத்தும் குலுக்கலின் முடிவை வைத்துக் கட்டப்படும் பந்தயம் அது. கேரள அரசு லாட்டரியின் குலுக்கல் நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குத் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. அதில் முதல் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை முன்கூட்டியே சரியாகச் சொன்னவருக்குப் பணம் கிடைக்கும். கடைசி ஓர் இலக்கத்துக்கும் கடைசி இரண்டு இலக்கங்களுக்கும் தனித்தனியே பணம் கட்டலாம். எண்ணை எழுதிய துண்டுச் சீட்டோ, கைப்பேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தியோதான் இதற்கு ரசீது. தமிழ்நாட்டில் இது குற்றம். ஆனாலும் பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை வட்டாரங்களில் லாட்டரி வழக்குகள் அவ்வப்போது பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதற்கு முதற்காரணம் நில அமைப்பு. கோவை மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுவதும் கேரள எல்லை. சமவெளியில் வாளையாறு, மீனாட்சிபுரம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளைத் தாண்டினால் லாட்டரிக் கடைகள் தொடங்கிவிடும். மலைமேல் வால்பாறையின் நிலையும் அதுவே. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலை, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சென்று மலக்கப்பாறையில் திருச்சூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்குகிறது. எல்லையின் இரு பக்கமும் எஸ்டேட்டுகள். இரு பக்கமும் தமிழ்த் தொழிலாளர்கள். ஒரு பக்கத்தில் அரசே விற்கும் சீட்டு, மறுபக்கத்தில் தடை செய்யப்பட்ட பொருள்.

இந்தியாவில் லாட்டரியும் அரசும் தொடக்கம் முதலே சேர்ந்து நடந்தவை. கல்கத்தாவில் 1817இல் அமைக்கப்பட்ட லாட்டரிக் குழு, சீட்டு விற்ற பணத்தில் அந்நகரின் சாலைகளையும் குளங்களையும் அமைத்தது. பின்னர் கிழக்கிந்தியக் கும்பினி அரசே மனம் மாறி, அரசின் அனுமதி பெறாத லாட்டரிகளை 1844இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது, அனுமதியின்றி லாட்டரி அலுவலகம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றமானது. அரசு நடத்தினால் வருவாய், தனியார் நடத்தினால் குற்றம் என்ற பிரிவினை அங்கே உருவானது.

விடுதலைக்குப் பின் இந்த வழியை மீண்டும் திறந்தது கேரளம். நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு காலத்தில் 1967இல் லாட்டரித் துறை தொடங்கப்பட்டது. ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதல் பரிசு. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. அதே 1968இல் அண்ணா தலைமையிலான அரசு தமிழ்நாடு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் அப்போது ஊரெங்கும் பரவியது. தோற்றவர் பணம் எங்கே போகிறது என்பதை அந்த வாசகம் மறைக்கவில்லை.

இத்திட்டம் இடையில் 1970களில் நிறுத்தப்பட்டு, 1980களில் மீண்டும் வந்தது. அதற்குள் சந்தை மாறிவிட்டது. சிக்கிம், நாகாலாந்து போன்ற தொலைதூர மாநிலங்களின் பெயரிலும் பூடானின் பெயரிலும் அச்சான சீட்டுகள் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களிலும் டீக்கடை ஓரங்களிலும் தொங்கின. மாநிலங்கள் பெயரைத் தந்தன. விற்பனையைத் தனியார் முகவர்கள் கையில் வைத்திருந்தனர். இவ்வணிகத்தின் பெரிய மையங்களுள் ஒன்றாகக் கோயம்புத்தூர் வளர்ந்தது. வாரக் குலுக்கலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒற்றை இலக்க லாட்டரியும், காசால் சுரண்டி அங்கேயே முடிவைப் பார்க்கும் சுரண்டல் லாட்டரியும் கூலித் தொழிலாளரின் அன்றாடப் பணத்தைக் குறிவைத்தன.

இதைக் கட்டுப்படுத்த வந்தது 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். முன்னரே அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு தரக்கூடாது, குலுக்கல் அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், எந்த லாட்டரிக்கும் வாரத்துக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்று அது விதித்தது. வெளிமாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்குத் தந்தது. ஆனால் தான் லாட்டரி நடத்திக்கொண்டே பிறர் லாட்டரியை ஒரு மாநிலம் தடுக்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் தெளிவாக்கியது. வெளிச்சீட்டுகளை விரட்ட வேண்டுமானால் சொந்தச் சீட்டையும் கைவிட வேண்டும். ஜெயலலிதா அரசு 2003 ஜனவரியில் அதைத்தான் செய்தது. தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

கேரளம் நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒரு குலுக்கல் என்ற விதிக்கு உட்பட்டே, கிழமைக்கு ஒன்றாக ஏழு வார லாட்டரிகளை அது நடத்துகிறது. எல்லாம் சேர்ந்தால் ஆண்டு முழுவதும் தினமும் ஒரு முடிவு. மூன்று நம்பர் பந்தயத்துக்கு வேண்டியதும் அதுதான். யாரும் ஐயப்பட முடியாத எண்ணொன்று தினமும் பொதுவெளியில் அறிவிக்கப்படுகிறது. பந்தயம் எழுதுபவர் சீட்டு அச்சடிக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம்.

குலுக்கல் நேர்மையாக நடந்தாலும் பந்தயம் நியாயமானதாகிவிடாது. வாய்ப்புக்கும் பரிசுக்கும் உள்ள விகிதத்தில்தான் கணக்கு இருக்கிறது. சூதாட்டக் கூடங்களில் சுழலும் ரூலெட் சக்கரம் இதற்கு நல்ல அளவுகோல். ஐரோப்பிய வகையில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டி வென்றால் 3,500 ரூபாயும் கட்டிய 100 ரூபாயும் கிடைக்கும். 37 எண்களிலும் நூறு நூறாகக் கட்டினால் செலவு 3,700, திரும்புவது 3,600. அந்த 100 ரூபாய், அதாவது 2.70 விழுக்காடு, கூடத்தின் பங்கு. இரண்டு பூச்சியங்கள் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இப்பங்கு 5.26 விழுக்காடு. 1843இல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரில் பிளாங்க் சகோதரர்கள் பூச்சியத்தை ஒன்றாகக் குறைத்து ஆட்களை ஈர்த்ததும், பின்னர் ஃபிரான்சுவா பிளாங்க் மான்டே கார்லோவை வளர்த்ததும் இந்தச் சிறிய பங்கை நம்பித்தான்.

மூன்று இலக்கப் பந்தயத்தில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். பத்து ரூபாய்ப் பந்தயத்துக்கு 5,000 ரூபாய் பரிசு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் எண்களுக்கும் சேர்த்துக் கட்டும் தொகை 10,000, திரும்புவது 5,000. சரிபாதி எழுதுபவர் பக்கம் நின்றுவிடுகிறது. கடைசி ஓர் இலக்கத்துக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று, இரண்டு இலக்கத்துக்கு நூறில் ஒன்று. அவற்றிலும் பத்து மடங்கும் நூறு மடங்கும் தந்தால்தான் கணக்குச் சமன். அதற்குக் குறைவது அத்தனையும் எழுதுபவரின் ஆதாயம்.

ஆயிரத்தில் ஒன்று என்பதை ஆயிரம் நாளில் ஒரு முறை கட்டாயம் விழும் என்று புரிந்துகொள்வது பரவலான பிழை. ஒவ்வொரு குலுக்கலும் தனி. நேற்று வராத எண்ணுக்கு இன்று கூடுதல் உரிமை இல்லை. நாளுக்கு ஒரு பந்தயம் வைத்து ஓராண்டு விடாமல் ஆடினாலும் ஒரு முறைகூட வெல்லாமல் இருக்க ஏறத்தாழ 69 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆயிரம் நாள் ஆடினாலும் ஏறத்தாழ 37 விழுக்காடு. தேதி, வண்டி எண், கனவில் வந்த எண் என எதை வைத்துத் தேர்ந்தாலும் இந்த விகிதம் மாறாது. வென்றாலும் பணம் கைக்கு வரும் என்ற உறுதி இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஏமாந்தவர் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை.

இப்பந்தயத்தின் விளைவு 2019 டிசம்பரில் தமிழ்நாட்டையே உலுக்கியது. விழுப்புரத்தில் மூன்று நம்பர் லாட்டரியால் கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில், மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐவரும் இறந்தனர். மறுபுறம், எல்லை தாண்டி முறையாக வாங்கும் சீட்டின் ஈர்ப்பும் குறையவில்லை. கேரள அரசின் 2023 ஓணம் பம்பர் லாட்டரியின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, வாளையாற்றில் விற்ற 500 ரூபாய்ச் சீட்டின் மூலம் திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த நால்வருக்கு விழுந்தது. கேரளத்தில் வாங்கிய சீட்டுக்குத் தமிழ்நாட்டவரும் அந்த அரசிடம் பரிசு கோரலாம். ஆனால் அச்சீட்டைத் தமிழ்நாட்டில் விற்பது குற்றம்.

எண் பந்தயம் கைப்பேசிக்குள் நகர்ந்தபோது சட்டமும் பின்தொடர்ந்தது. தமிழ்நாடு 2022இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. திறமை விளையாட்டுகள் என்று ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கிய சென்னை உயர் நீதிமன்றம், வாய்ப்பை மட்டுமே நம்பிய ஆட்டங்களுக்கான தடையை 2023 நவம்பரில் ஏற்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் தடை செய்தது. மூன்று நம்பர் பந்தயமோ 1998 சட்டத்தின் கீழும், 294ஏ பிரிவின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா 297ஆம் பிரிவின் கீழும் குற்றமாகவே தொடர்கிறது.