மில்காரர் கடை திறந்த கதை

பெங்களூரில் சிப் வடிவமைக்கும் சிறிய கம்பெனியில் என் பேரன் வேலை பார்க்கிறான். அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப் போகிறதாம். போன வாரம் குரும்பலூர் வந்தவனுக்குச் சரியான தூக்கமில்லை. "அப்படி வாங்கினால் என்னடா ஆகும்?" என்று கேட்டுவிட்டு, நானே படிக்க உட்கார்ந்தேன்.

திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பில் இன்று பெரிய பெயர் என்விடியா. 1995-ல் அதன் முதல் சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது எஸ்ஜிஎஸ்-தாம்சன் என்ற பிரெஞ்சு–இத்தாலியக் கூட்டு நிறுவனம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் அந்தச் சிப் விலைபோகவில்லை. 1997-ல் வந்த ரிவா 128 தான் கம்பெனியைக் காப்பாற்றியது.

அன்றைய சந்தையில் ராஜா த்ரீடிஎஃப்எக்ஸ். அதன் வூடூ சிப்பை வாங்கி, அட்டையில் பொருத்தி விற்றவை வேறு கம்பெனிகள். 1998 டிசம்பரில், அட்டை செய்யும் எஸ்டிபி கம்பெனியை வாங்கப் போவதாக அது அறிவித்தது. இனி அட்டையையும் தானே விற்கலாம் என்ற கணக்கு.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அரிசி மில்காரர் மில் வாசலிலேயே கடை போட்டதுபோல. அதுவரை அவரிடம் மூட்டை எடுத்த கடைக்காரர்கள் அடுத்த மில்லுக்குத்தானே போவார்கள்? அட்டைக் கம்பெனிகளும் என்விடியா பக்கம் போயின. புதிய சிப்புகளும் தாமதமாயின. 1998-ல் யார்மீது காப்புரிமை வழக்குப் போட்டதோ, அந்த என்விடியாவுக்கே 2000 டிசம்பரில் தன் முக்கியச் சொத்துகளை விற்க ஒப்புக்கொண்டது. 2002-ல் திவால் மனு.

கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை 2006-ல் ஏஎம்டி சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் வந்த கைபேசிப் பிரிவை 2009-ல் குவால்காமுக்கு விற்றது. இன்று பல போன்களில் இருக்கும் 'அட்ரினோ' அந்த வழி வந்ததுதான். 'ரேடியான்' என்ற ஏடிஐ பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அந்தப் பெயர் வரும்! 2019-ல் ஹைதராபாத்தின் இனேடா நிறுவனப் பொறியாளர்களை இன்டெல் சேர்த்துக்கொண்டது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். த்ரீடிஎஃப்எக்ஸ் பொறியாளர்கள் பலர் என்விடியாவிலேயே சேர்ந்ததையும் சொன்னேன். "எல்லாரையும் எடுத்தாங்களா, தாத்தா?" என்றான்.

இல்லை. எங்கள் அலுவலகத்தை வேறு துறையோடு இணைத்தபோது வாசல் பலகை மட்டுமே மாறியது. மறுநாளும் நாங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்தோம். தனியாரில் அப்படி இல்லை. பெயர் போகும், தொழில் தெரிந்த கைகளில் சிலவற்றுக்கு மட்டும் அழைப்பு வரும்.

"உன் கையில் தொழில் இருக்கிறது, சாப்பிட்டுப் போய்ப் படு" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.