மூல் கணிப்பு: மடுல்சீமைத் தேயிலை மலைகளை முன்வைத்து

மூல் கணிப்பு என்பது, தராசில் நிறுத்தறியும் திணிவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அணுக்களின், மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அறிந்து, ஒரு தாக்கத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும், அதிலிருந்து எவ்வளவு விளையும் என்பதை முன்கூட்டியே சொல்லும் இரசாயனக் கணக்கு முறை. இலங்கைப் பாடசாலைகளில் இது தரம் 10 விஞ்ஞானத்தில் அறிமுகமாகி, க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் விரிகிறது. திணிவை மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் என்று மாணவர் பலர் இதைச் சூத்திரமாகவே மனனம் செய்கிறார்கள். விடை வந்துவிடும், அந்த விடை எதைச் சொல்கிறது என்பது பிடிபடாமலே போகும். ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், பசறைக்கு அப்பால் உயரும் மடுல்சீமைத் தோட்டங்களில், இந்தக் கணக்குக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் பிள்ளைகள் அன்றாடம் காண்பவை: யூரியா மூட்டை, டொலமைட் தூள், மழையில் நனைந்த கொழுந்து. அவற்றிலிருந்து தொடங்கினால் மூல் எண்ணக்கரு தெளிவாகும். அந்த மண்ணையும் அங்கே உழைப்பவர்களையும் தொடும் சில கேள்விகளுக்கு விடை காணவும் அது உதவும். இங்கு நிறுவ முற்படுவது இதைத்தான்.

அடிப்படையை முதலில் பார்க்கலாம். பொருள்கள் ஒன்றோடொன்று திட்டமான திணிவு விகிதங்களிலேயே கூடுகின்றன என்பதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஜெரமையாஸ் ரிக்டர், 1792இல் பீசமானம் என்ற துறைக்குப் பெயரிட்டார். சம வெப்பநிலையிலும் சம அமுக்கத்திலும் உள்ள சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியரான அவகாதரோ 1811இல் கூறினார். அரை நூற்றாண்டு வரை அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1860இல் கார்ல்ஸ்ரூவில் கூடிய இரசாயன மாநாட்டில் கனிசாரோ அதை மீட்டெடுத்து வாதிட்ட பிறகே அணுத்திணிவுகள் ஒழுங்குக்கு வந்தன. அந்த மாநாட்டுக்குப் பதினைந்தே ஆண்டில், 1875இல், மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் தமிழில் வெளிவந்துவிட்டது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. இன்று ஒரு மூல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள். 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ள வரைவிலக்கணம் இது.

இந்தப் பேரெண் வகுப்பில் வெறும் வியப்பாக நின்றுவிடக் கூடாது. யூரியாவையும் அமோனியம் சல்பேற்றையும் அருகருகே வைத்தால் அது வேலை செய்யத் தொடங்கும். யூரியாவின் மூலக்கூறு CO(NH₂)₂. காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் 28, ஐதரசன் 4 எனக் கூட்டினால் அதன் மூலர்த் திணிவு 60 கிராம். அமோனியம் சல்பேற்று (NH₄)₂SO₄. அதன் மூலர்த் திணிவு 132 கிராம். இரண்டின் ஒவ்வொரு மூலிலும் நைதரசன் அணுக்கள் 2 மூல்தான். ஆகவே 60 கிலோ யூரியா தரும் அதே நைதரசனைத் தர 132 கிலோ அமோனியம் சல்பேற்று வேண்டும். சதவீதத்தில் சொன்னால் முதலாவதில் 46.7, இரண்டாவதில் 21.2. மேட்டு மலைக்குத் தலையில் உரம் சுமந்து ஏறுபவருக்கு இந்த 2.2 மடங்கு வேறுபாடு உடலால் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்பதை மூல் சொல்கிறது. செடிக்கு வேண்டியது நைதரசன் அணுக்கள். நாம் சுமப்பதோ அவற்றோடு ஒட்டிவரும் காபன், கந்தகம், ஒட்சிசன் அனைத்தையும் சேர்த்து. காய்ந்த தேயிலைத் தூளில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன் உண்டு. ஆகவே 1,000 கிலோ தூள் மலையை விட்டு வெளியேறும்போது அதனோடு 40 கிலோ நைதரசனும் போகிறது. இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதை ஈடுசெய்யக் குறைந்தது 86 கிலோ யூரியா தேவை.

உரம் இட்டதோடு கணக்கு முடிவதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அமோனியம் அயனை நைதரேற்றாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது: NH₄⁺ + 2O₂ → NO₃⁻ + 2H⁺ + H₂O. சமன்செய்த இந்தச் சமன்பாடு, ஒரு மூல் அமோனியம் இரண்டு மூல் ஐதரசன் அயன்களைத் தரும் என்கிறது. ஒரு மூல் அமோனியம் சல்பேற்றில் அமோனியம் இரண்டு மூல் என்பதால் விளையும் அமிலம் 4 மூல். யூரியாவும் இரண்டு மூல் அமோனியமாகவே உடைகிறது. ஆனால் உடையும்போது 2 மூல் ஐதரசன் அயன்களை உள்ளிழுத்துக்கொள்வதால் நிகரமாக 2 மூல்தான் மிஞ்சும். டொலமைட்டின் சூத்திரம் CaMg(CO₃)₂, மூலர்த் திணிவு 184 கிராம். அதில் இரண்டு காபனேற்றுத் தொகுதிகள் இருப்பதால் ஒரு மூல் டொலமைட் 4 மூல் அமிலத்தை நடுநிலையாக்கும். ஆகவே 132 கிலோ அமோனியம் சல்பேற்றின் அமிலத்தைத் தணிக்க 184 கிலோ டொலமைட்டும், அதே நைதரசனைத் தரும் 60 கிலோ யூரியாவுக்கு 92 கிலோவும் கணக்குப்படி தேவை. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, pH 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண் அதற்கு ஏற்றது. மண் அதற்கும் கீழே புளித்துப்போகாமல் காக்கவே கவ்வாத்துக் காலத்தை ஒட்டி டொலமைட் தூவுகிறார்கள். சமன்பாட்டைச் சமன்செய்வது பரீட்சைச் சடங்கு என்று நினைக்கும் மாணவனுக்கு, சமன்பாட்டிலுள்ள அந்த 2 என்ற எண் எத்தனை மூட்டை டொலமைட்டாக மாறுகிறது என்று காட்டுவதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை.

மலைமண் சோதனைக்குழாய் அல்ல, அங்கே இந்தக் கணக்குகள் பலிக்காது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. செடி நைதரேற்றை உறிஞ்சும்போது அமிலத்தின் ஒரு பகுதி திரும்பத் தணிகிறது. மழை உரத்தை அடித்துச் செல்கிறது. களிமண்ணும் சேதனப் பொருளும் pH மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் எவ்வளவு டொலமைட் இடுவது என்பதை மண் பரிசோதனை கொண்டு தீர்மானிக்கிறார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலவாக்கலையில் தலைமையகமும் பசறையில் பிராந்திய நிலையமும் இருப்பது இத்தகைய பணிகளுக்காகத்தான். ஆனால் தூய்மைச் சதவீதமும் விளைவுச் சதவீதமும் மூல் கணிப்புக்கு வெளியே நிற்பவை அல்ல. கணக்குத் தரும் எண் ஓர் எல்லை. மலையில் கிடைக்கும் எண் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே இழப்பின் அளவு. எல்லை தெரியாதவருக்கு இழப்பும் தெரியாது. இலைகளில் தெளிக்கும் நாகச் சல்பேற்று இன்னொரு சான்று. ஏழு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த பளிங்கில் நாகம் 23 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; ஒரு நீர் மூலக்கூறு மட்டும் சேர்ந்ததில் 36 சதவீதம். பெயர் ஒன்றே, எடையும் ஒன்றே, ஆனால் செடிக்குச் சேரும் நாகம் ஒன்றரை மடங்குக்கும் மேல் வேறுபடும். பொதியில் அச்சிட்ட சூத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே இதைக் கவனிப்பார்.

இந்தக் கணக்கின் பொதுவாழ்வுப் பெறுமதியை 2021 காட்டியது. அவ்வாண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடை நீங்கியது. இடையில், ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவ உரம் விமானத்தில் வந்தது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடாகும் என்பது அத்தகைய உரத்தைப் பற்றி இந்தியாவில் சொல்லப்பட்டு வந்த கூற்று. போத்தலில் நைதரசன் 4 சதவீதம், அதாவது 20 கிராம், ஏறத்தாழ 1.4 மூல். 46 சதவீத யூரியா மூட்டையில் 20.7 கிலோ, ஏறத்தாழ 1,480 மூல். ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி இது. இலைவழி உரம் வீணாகாமல் சேர்கிறது என்பது பதிலாகச் சொல்லப்பட்டது. சரி, மண்ணிலிட்ட யூரியாவில் பாதி வீணாகிறது, போத்தலில் உள்ளது முழுவதும் செடிக்குள் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பக்கம் 10 கிலோ, மறுபக்கம் 20 கிராம். தாக்கம் எதுவும் நைதரசன் அணுவைப் புதிதாகப் படைப்பதில்லை. கூட்டெருவுக்கும் இதே அளவுகோல்தான். நைதரசன் 1.5 சதவீதமுள்ள காய்ந்த கூட்டெருவிலிருந்து முன்சொன்ன 40 கிலோவைப் பெற 2,600 கிலோவுக்கு மேல் வேண்டும். இயற்கை முறைத் தேயிலை இயலாது என்று இந்தக் கணக்குச் சொல்லவில்லை. நைதரசனை நிலைநிறுத்தும் முள்முருக்கு போன்ற மரங்கள் ஒரு பங்கைத் தரும், கூட்டெரு மண்ணின் கட்டமைப்பையும் பேணும். எத்தனை தொன், எத்தனை ஆட்கள், எத்தனை ஆண்டு அவகாசம் என்பதைத் திட்டமிடாமல் அதில் இறங்க முடியாது என்பதையே அது சொல்கிறது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்குச் சரிந்தது. அவ்வாண்டின் எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் அதில் சேர்ந்திருந்ததால் முழுப் பழியையும் உரத்தின்மேல் போட முடியாது. ஆனால் மண்ணிலிருந்து வெளியேறிய நைதரசனுக்கு ஈடு வரவில்லை என்பதில் ஐயமில்லை.

மலைமண் பற்றிய மறுப்பைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு உரத்தையும் கொழுந்தையும் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவளைத் தோட்டத்தோடே கட்டிப்போடுவதாகாதா? நீண்ட காலம் ஓரிரு வகுப்புகளோடு நின்றுபோன தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை அறிந்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் அந்த வரலாற்றில் உரம் தூவும் வேலை தொழிலாளியிடமும் அதன் கணக்கு நிர்வாகத்திடமும் இருந்தன. பிள்ளைக்கு இப்போது கைமாறுவது அந்தக் கணக்கு. அதைக் கற்றவளுக்கு மருந்தகத்திலும் நீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் படிமுறை ஒன்றுதான்: சூத்திரம், மூலர்த் திணிவு, விகிதம், தூய்மை. கொழுந்து நிறுவையில் ஈரத்துக்காகக் கழிக்கும் கிலோக்களையும் அதே படிமுறையால் சோதிக்கலாம். கொழுந்தின் உள்ளே இயல்பாகவே 77 சதவீதம் நீர் என்று கொண்டால், வெளி ஈரமில்லாத 100 கிலோவில் உலர்பொருள் 23 கிலோ. 3 சதவீத ஈரத்தோடு வெளிவரும் தூள் ஏறத்தாழ 23.7 கிலோ. மழையில் மேல்நீர் 10 கிலோ சேர்ந்திருந்தால், நிறுத்த அதே 100 கிலோ 21.3 கிலோ தூளைத்தான் தரும். ஆகவே ஒரு மழைநாளில் கழித்த அளவு மிகையா, சரியா என்பதை, அன்று தேயிலைத் தொழிற்சாலைக்குள் போன கொழுந்தின் எடையையும் வெளிவந்த தூளின் எடையையும் வைத்துத் தரம் 10 மாணவி ஒருத்தி ஏறத்தாழக் கணித்துச் சொல்லிவிடலாம்.