கேட்டவர்கள் எழுதிய வரலாறு

வானொலியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் பேசியவர்களின் கதையையே கூறுவர். இன்ன ஆண்டில் இன்னார் செய்தி அனுப்பினார், இன்ன நகரில் இன்ன நிலையம் எழுந்தது என்று அவ்வரலாறு செல்லும். ஆயின், அனுப்பிய ஒலி எவர் செவியிலும் விழாவிடின் அஃது அனுப்பப்படாமைக்கே ஒப்பாகும். சிற்றலை எனப்படும் வானொலி அலைகளின் வரலாற்றிலோ கேட்டவர்களின் பங்கு தனிச் சிறப்புடையது. ஊதியமும் பதவியும் கருதாது, இரவிரவாகக் காதிற் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்த அமெச்சூர் வானொலியாளரே அவ்வலைகளின் பெருமையை உலகுக்கு உணர்த்தினர். அவர்களுட் சிலரை நேயர்களுக்கு அறிமுகஞ் செய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இங்கிலாந்தின் போல்டூ என்னும் இடத்திலிருந்து வந்த குறியை அத்திலாந்திக் சமுத்திரத்தின் அக்கரையில், நியூபவுண்லாந்திலே கேட்டதாக 1901ஆம் ஆண்டு டிசெம்பரில் மார்க்கோனி அறிவித்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு நம்பிக்கை வேரூன்றி நின்றது. அலை நீண்டால் அது செல்லும் தூரமும் நீளும் என்பதே அந்நம்பிக்கை. ஆகவே கடல் கடந்து செய்தி அனுப்ப விரும்பிய அரசுகளும் கம்பெனிகளும் ஆயிரக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அலைகளை நாடின. அவற்றுக்காக வானளாவிய கோபுரங்களை நிறுவிப் பெரும் மின்வலுவையும் செலவிட்டன. நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை, நீளம் குறையக் குறைய விரைவில் வலியிழக்கும் என்பது மெய்யே. ஆயினும் அது முழு மெய்யன்று.

1912ஆம் ஆண்டிலே தைத்தானிக் கப்பல் மூழ்கிய சில மாதங்களுள் அமெரிக்க அரசு வானொலிச் சட்டமொன்றை இயற்றியது. கப்பல்களின் செய்திகளுக்கு அமெச்சூர்கள் இடையூறு விளைப்பதாக முறைப்பாடு இருந்தமையால், 200 மீற்றரும் அதற்குக் குறைந்த நீளமுமுள்ள அலைகளே அவர்களுக்கு விடப்பட்டன. அந்நாளில் அவ்வலைகள் எதற்கும் உதவாதவை எனக் கருதப்பட்டன. பயிரிட உதவாதென விட்ட தரவையை, 'இதில் வேண்டுமட்டும் விளையாடுங்கள்' என்று சிறுவருக்குக் காட்டியது போன்றதே அச்செயல்.

சிறுவர்கள் விளையாடத்தான் செய்தார்கள். ஆனால் ஒழுங்காக விளையாடினார்கள். 1914இல் ஹைரம் பேர்சி மக்சிம் என்பார் அமெரிக்க அமெச்சூர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். ஒருவர் அனுப்பியதை அடுத்தவர் கேட்டு, அவர் அதற்கடுத்தவருக்கு அனுப்ப, செய்தி ஊர் ஊராகத் தாவிச் செல்வதே அவர்களின் முறை. முதலாம் உலகப்போர் காலத்தில் மூடப்பட்ட அவர்களது நிலையங்கள் போருக்குப் பின்னர் மீண்டும் திறந்தன. அப்போது, தங்கள் சிறு கருவிகள் அத்திலாந்திக்கைத் தாண்டுமா என்னும் வினா அவர்களிடையே எழுந்தது.

அதனைச் சோதிக்க அவர்கள் அனுப்பி வைத்தது பெரிய ஒலிபரப்புக் கருவியையன்று. கேட்கத் தெரிந்த ஒரு மனிதரையே. 1921ஆம் ஆண்டு டிசெம்பரில் போல் கொட்லி என்பவர் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ரோசன் என்னும் ஊரையடைந்து, கடலருகே கூடாரமிட்டு, நெடுந்தூரத்துக்கு ஏரியற் கம்பியை இழுத்துக் கட்டினார். குளிரிலும் மழையிலும் இரவுதோறும் காத்திருந்தார். மார்க்கோனிக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் சாட்சியாக உடனிருந்தார். அச்சில இரவுகளில் இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் குறிகள் கொட்லியின் செவிக்கு எட்டின. கனெற்றிக்கட் மாநிலத்து நிலையமொன்றிலிருந்து முழுச் செய்தியொன்றும் பிழையின்றி வந்து சேர்ந்தது.

அமெச்சூர்கள் இன்னுங் குறுகிய அலைகளை நோக்கி இறங்கினர். 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலுவாவும் கனெற்றிக்கட்டிலிருந்த பிரெட் ஷ்னெலும், 100 மீற்றரையொட்டிய அலையில், சமுத்திரத்துக்கு இருபுறமும் இருந்து ஒருவரோடொருவர் உரையாடினர். அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது அதனினும் வியப்பானது. நியூசிலாந்தின் தெற்குத் தீவிலே ஆட்டுப் பண்ணையொன்றில் வாழ்ந்தவர் பிராங்க் பெல். இலண்டன் மாநகரின் மில் ஹில் பாடசாலையிற் பயின்ற பதினெட்டு வயது மாணவன் சிசில் கொய்டர். 1924 ஒக்டோபர் 18ஆம் நாள், ஏறத்தாழ 19,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பெல் தட்டிய மோர்ஸ் குறிகளைக் கொய்டர் கேட்டு மறுமொழி கொடுத்தான். பூமியுருண்டையின் ஒரு புறத்திலிருந்து ஏறக்குறைய நேரெதிர்ப்புறம் வரை சென்றுவிட்டபின், எட்டுதற்கு வேறு தூரமில்லை. பேரரசுகளின் கோபுரங்கள் எதிர்நோக்கியிருந்த பணியைப் பாடசாலையொன்றின் சிறு கருவி செய்து முடித்தது.

இஃது எவ்வாறு இயன்றது? பூமிக்கு மேலே நெடுந்தொலைவில், ஞாயிற்றின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அயனமண்டலம் என்னும் படை உண்டு. அத்தகைய படையொன்று இருத்தல் வேண்டுமென 1902இலேயே கெனலி, ஹெவிசைட் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே ஊகித்திருந்தனர். மேல்நோக்கிச் செல்லும் சிற்றலையை அப்படை கீழ்நோக்கித் திருப்புகிறது. நிலத்தில் பட்ட அலை மீண்டும் மேலெழுகிறது. இவ்வாறு தாவித் தாவி அது உலகைச் சுற்றிவருகிறது. அருகிலுள்ள ஊரில் கேளாத நிலையம் ஆயிரம் மைலுக்கப்பால் தெளிவாகக் கேட்பதன் காரணமும் இதுவே. அப்படை உண்மையிலேயே உண்டெனச் சோதனையால் நிறுவும் பணியை 1924 டிசெம்பரில் அப்பிள்டன் தொடங்கினார். அத்துறை ஆய்வுக்காக 1947இல் நோபெல் பரிசும் பெற்றார். கொய்டரின் உரையாடலோ அச்சோதனைக்கு முந்தியது. அறிஞர் காரணங் காணுமுன்னரே கேட்டவர்கள் காரியத்தைக் கண்டுவிட்டனர்.

தரவை விளைநிலமென்று தெரிந்ததும் அதனை வேண்டுவோர் பலராயினர். மார்க்கோனிக் கம்பெனி 1926, 1927ஆம் ஆண்டுகளில் கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளுக்குச் சிற்றலைத் தந்திச் சேவையை ஏற்படுத்தியது. 1927இல் வாஷிங்டனிற் கூடிய சருவதேச மாநாடு சிற்றலைகளைப் பல சேவைகளுக்கும் பங்கிட்டபோது, அவற்றைக் கண்டறிந்த அமெச்சூர்களுக்குச் சில குறுகிய கீற்றுகளே எஞ்சின. 1932 டிசெம்பரில் பி.பி.சி. தன் பேரரசுச் சேவையைச் சிற்றலையில் தொடங்கியது. மில் ஹில் மாணவன் கொய்டரும் 1936இல் இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளரானார். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் எழுந்தது அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேயே. எனவே தமிழ் நேயர்களுக்கும் அம்மாணவனோடு ஒரு தொடர்பு உண்டு.

உயிர் காத்த செவி ஒன்றையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். 1928 மே 25ஆம் நாள், வடதுருவத்திலிருந்து திரும்பிய 'இத்தாலியா' என்னும் ஆகாயக் கப்பல் பனிப்பரப்பில் வீழ்ந்து நொறுங்கியது. தலைவர் நோபிலேயும் வேறு சிலரும் உயிரோடு பனியில் விடப்பட்டனர். அவர்களோடிருந்த தந்தியாளர் பியாஜி, சிதறிய பொருள்களிடையே கிடைத்த சிறிய சிற்றலைக் கருவியினால் நாள்தோறும் அபயக் குறி அனுப்பினார். அவர்களின் துணைக்கப்பலில் அக்குறிகளை எவரும் அறிந்திலர். ஜூன் 3ஆம் நாள், இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், உருசியச் சிற்றூரொன்றில் நிக்கொலாய் ஷ்மித் என்னும் இளைஞர் தாம் கட்டிய எளிய கருவியில் அக்குறிகளைக் கேட்டார். கேட்டதை உடனே தலைநகருக்கு அறிவித்தார். சில நாள்களின் பின், உரோமாபுரியிலிருந்து வந்த வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த பியாஜி, தம் குறிகள் கேட்கப்பட்டன என்பதை அச்செய்தியிலிருந்தே அறிந்தார். பனியில் எஞ்சியிருந்தோரை ஜூலை 12ஆம் நாள் சோவியத் பனியுடைக் கப்பலான 'கிராசின்' மீட்டது. உலகம் புகழ்ந்த அந்த ஷ்மித்தையே 1942இல் சோவியத் அரசு குற்றஞ்சாட்டிச் சுட்டுக் கொன்றது. அவர் குற்றமற்றவரெனப் பின்னாளிலே அறிவிக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரும் குரலுக்குச் செவிகொடுப்பவனை ஐயுறும் அரசுகளும் உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

மற்றொரு பாடசாலையின் செய்தி இது. இங்கிலாந்தின் கெற்றரிங் நகரில் பௌதிக ஆசிரியரான ஜெப்ரி பெரி, மாணவர்களைக் கூட்டி, சாதாரணச் சிற்றலைப் பெட்டியொன்றினால் சோவியத் செய்மதிகளின் ஒலிகளைக் கேட்டு, நேரங் குறித்து, அவற்றின் பாதையைக் கணித்து வந்தார். 1966இல் ஏவப்பட்ட சில செய்மதிகளின் பாதை முன்னையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. அப்பாதைகளைப் பின்னோக்கி வரைந்து பார்த்தபோது அவை உருசியாவின் வடக்கே, பிளெசெட்ஸ்க் என்னும் ஊரருகே சந்தித்தன. இவ்வாறு, சோவியத் அரசு மறைத்து வைத்திருந்த ஏவுதளம் ஒரு வகுப்பறையிலிருந்து வெளிப்பட்டது. அவ்வரசு அதனை ஒப்புக்கொண்டது 1983இலேயே.

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாகக் காணப்படும் பண்பு யாது? கேட்டதைக் கேட்டவாறே, நேரத்தோடு எழுதிவைத்தமையே. இன்றும் சிற்றலை நேயர்கள் நிலையங்களுக்கு அனுப்பும் அறிக்கையில் திகதி, சருவதேச நேரம், அலைவரிசை, ஒலியின் வலிமை, இடையூறு, கேட்ட நிகழ்ச்சியின் விவரம் ஆகியன இருக்கும். விவரம் ஒத்துவரின் நிலையம் உறுதி அட்டை அனுப்பும். தெளிவாகக் கேளாததைக் கேட்டதாக எழுதுபவருக்கு அங்கு இடமில்லை.

எமது மக்களும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவரல்லர். ஏக்கலையிலிருந்து சென்ற இலங்கை வானொலியின் சிற்றலையைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இலட்சக்கணக்கானோர் கேட்டனர். யுத்தகாலத்தில் வடக்கே மின்சாரமும் பற்றறியும் அரிதாயிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துத் தைனமோவைச் சுழற்றி வானொலியைக் கேட்டவர்கள் பலர். ஒருவர் மிதியைச் சுழற்ற, சுற்றியிருந்தோர் செய்தியைக் கேட்பர். அவர்கள் நாடிய குரல்களுள் ஒன்றான பி.பி.சி.யின் தமிழோசை வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றுபோயிற்று. உலகின் வேறு பல நிலையங்களும் சிற்றலையைக் கைவிட்டுவிட்டன. மீண்டும் அது பயனற்ற தரவையெனக் கருதப்படுங் காலம் வந்திருக்கிறது.

ஆயினும் அயனமண்டலம் அழிந்துவிடவில்லை. கம்பியும் கோபுரமும் அறுந்து வீழும் அனர்த்த காலங்களில் அமெச்சூர்களின் சிற்றலையே செய்தி கொண்டு செல்கிறது. பாடசாலை விஞ்ஞானக் கழகமொன்றுக்குப் பழைய பெட்டியொன்றும், சில யார் கம்பியும், ஒரு குறிப்புப் புத்தகமும் போதுமானவை. மாலை மங்கிய பின் முள்ளை மெல்லத் திருப்பி, கேட்ட நிலையத்தை நேரத்தோடு குறித்துவைக்கும் மாணவன், பூகோளத்தையும் பௌதிகத்தையும் ஒருங்கே கற்பான். அவற்றோடு, பிறர் கூறுவதை இறுதிவரை கேட்கும் பழக்கமும் அவனுக்குக் கைவரும்.